தலைக்குத்தான் ஜலம்

என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முக்கால் என்றுதான் கூப்பிடுவார். முக்கால் வந்தாச்சா, முக்கால் அந்த ஸ்கேலை எடு, முக்காலுக்கு இன்னிக்கு என்ன முகம் வீங்கியிருக்கு. புதிதாக ஆபீசுக்கு வருகிறவர்கள் என் உயரத்தைப் பார்த்து, அதற்காகத்தான் இருக்கும் என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அது உயரமில்லை, லிட்டர். ஒரு மே மாதத்தில், காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து வரை, கை நடுங்காமல் நான் கோடு போட எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று சார் கண்டுபிடித்த அளவு.

எழுபதுகளின் நடுவில், கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றால் சார், நான், ஒரு டைப்பிஸ்ட். கட்டடம் கீழே இருந்த சேட்டுடையது, குஜராத்தில் கச்சுப் பக்கத்துக்காரர். சார் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் தண்ணீர்க் குழாய் வேலைகளைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். தண்ணீர்த் திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அவர் பென்சிலில் போடும் படத்தின்மேல் வழவழப்பான ட்ரேசிங் துணியை விரித்து மையில் பிரதி எடுப்பது என் தொழில். களமசேரியில் அதற்குப் படித்துவிட்டு ஒன்றரை வருஷம் படியேறி இறங்கிய எனக்கு, யார் வீட்டுப் பெண் என்று தெரிந்தும் வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் அப்பா முனிசிபாலிட்டியில் தெரு கூட்டியவர். கோட்டுக்கு ஜாதி கிடையாது என்பார் சார்.

கூஜாவுக்கு இருந்தது. தினமும் வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் கூஜாவில் தனக்கு ஜலம் கொண்டுவருவார். சேர்ந்த முதல் வாரத்தில், மேஜையைத் துடைப்பதற்காக நான் அதைத் தூக்கித் தள்ளி வைத்துவிட்டேன். மறுநாள் கூஜா புளி போட்டுத் தேய்த்த பளபளப்போடு வந்து, என் கைக்கு எட்டாத மேல் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாங்கள் தெருக் குழாயில் பிடித்த தண்ணியை மண்பானையிலிருந்து குடித்தோம். மூட்டை தூக்குகிறவர்கள் கீழே வெள்ளம் வெள்ளம் என்று கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஒரே குழாயிலிருந்து வந்ததுதான் எல்லாம்.

ஆளைப் பார்த்ததும் அளவு சொல்வது அவர் விளையாட்டு. சேட்டு மூன்று லிட்டர், அதில் பாதி மோர். டைப்பிஸ்ட் ஒண்ணேகால், பேச்சைக் குறைத்தால் ஒன்று போதும். கோயிலுக்கு வந்த யானையைக் கூட மாடி ஜன்னலிலிருந்து எடை போட்டு ஒரு எண் சொன்னார், பாகனிடம் கேட்டால் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். மனுஷர் அப்படிப் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவர் கண்ணில் மனிதர்கள் எல்லோருமே ஓட்டை உள்ள பாத்திரங்கள், இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் போகும், எவ்வளவு விட்டால் நிற்காமல் ஓடும் என்பதுதான் கேள்வி, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று.

ஒரு மத்தியானம் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வேர்த்து ஒழுக மாடியேறி வந்தார்.

"சாரே, இத்திரி வெள்ளம் தருமோ?"

காலையிலிருந்து எத்தனை மூட்டை என்று கேட்டார் சார். நாற்பது என்றார் அவர். இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டார். இருபது. சார் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குவளையை எடுத்து, பானையிலிருந்து ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, கொஞ்சத்தைப் பானையிலேயே திரும்ப விட்டுவிட்டு, மிச்சத்தை நீட்டினார். இருபது மூட்டைக்கு அது போதுமாம். அந்த மனிதர் குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரும் எங்கள் மாடிப்படி ஏறவில்லை.

பாலைவன வேலை வந்தது அந்தச் சமயத்தில்தான். சேட்டுவின் தம்பி கச்சில் காண்ட்ராக்ட் எடுப்பவர். அங்கே உப்புப் பாலைவனத்தின் ஓரத்தில் பட்டாளத்துக்குப் புதிதாக ஒரு முகாம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை லாரியில்தான் தண்ணீர் போயிற்று. நாற்பது மைலுக்கு அப்பால் இருந்து குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டும். திட்டம் சாருடையது, படம் என்னுடையது, குழாய் சேட்டு தம்பியுடையது. சுற்றிலும் காயலும் கடலும் கிடக்க, கிணறு வெட்டினால் உப்பும் துருவும் வருகிற ஊரில் உட்கார்ந்து, காலை ஆறு மணிக் குழாய்க்கு அம்மா குடத்தோடு சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, நான் பாலைவனத்துக்குத் தண்ணீர் வரைந்தேன்.

ஆளுக்கு எவ்வளவு என்று தெரியாமல் எதுவும் நகராது. புத்தகத்தில் இருக்கிற அளவுகளெல்லாம் சோம்பேறிகளுக்காக எழுதியது என்பது சாரின் கட்சி. அதனால் அந்த மே மாதம் மண்பானைக்குப் பூட்டு விழுந்தது. எனக்கும் டைப்பிஸ்டுக்கும் கோடு போட்ட மருந்து பாட்டிலில் தண்ணீர். மாலை ஐந்து வரை அதுதான். மேலே ஓடு, கீழே சுக்கு நெடி. காரம் தொண்டையிலேயே நிற்கும். நாலு மணிக்கு சார் பூதக்கண்ணாடியோடு வந்து அன்றைக்கு நான் போட்ட கோடுகளைப் பார்ப்பார். ஒரு லிட்டரில் நடுங்கவில்லை. முக்காலில் நடுங்கவில்லை. அரை லிட்டருக்குக் குறைத்த மூன்றாம் நாள், ஒரு நீளக் கோட்டின் கடைசியில் ஒரு நூல் அளவு நெளிவு வந்தது. அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. கண்ணாடியை என்னிடம் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். அன்று மாலை படியிறங்கும்போது எனக்குக் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டைப்பிஸ்ட் சோடா வாங்கிவர ஓடினாள். சார் மேலே நோட்டில் என் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, எங்கள் வீட்டில் சார் தெய்வம். காரணம் என் அண்ணன். முனிசிபாலிட்டியில் ஆள் வராத நாளில் மட்டும் கூப்பிடுகிற வேலையை நாலு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவனை, சார் சேட்டுவிடம் ஒரு வார்த்தை சொல்லி, அதே பாலைவன முகாமில் துப்புரவு வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார். அம்மா ஆபீசுக்கே வந்து, படிக்குக் கீழே நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அண்ணனுக்கு ரயிலேறும்போது இருந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. தமிழ் எழுதத் தெரியாதவன், மலையாள எழுத்தில் தமிழை எழுதி மாதம் ஒரு கடிதம் போடுவான். அம்மாவுக்கு நான் படித்துக் காட்டுவேன்.

பட்டாளத்தில் சமையல்காரர், சலவைக்காரர், நாவிதர், துப்புரவுக்காரர் இவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் உண்டு. ஃபாலோயர். பின்னால் வருகிறவன். திட்டத்தின் கடைசித் தாளில் யாருக்கு எத்தனை லிட்டர் என்று ஒரு அட்டவணை வரும். சிப்பாய், ஆபீசர், ஆஸ்பத்திரி, சமையற்கட்டு, லாரி ரேடியேட்டர், ஒட்டகம், அதற்குப் பிறகு ஏழாவது வரியாக ஃபாலோயர், அறுபத்து மூன்று பேர், தலைக்கு இருபது லிட்டர். நான் அந்த வரியை மையில் எழுதியபோது கொஞ்சம் அழகாகவே எழுதினேன். அந்த அறுபத்து மூன்றில் ஒன்று எங்கள் அண்ணன்.

கூட்டிப் பார்த்தால் எழுநூற்று ஐம்பது லிட்டர் அதிகம் வந்தது. சேட்டு தம்பி ஏற்கனவே வாங்கிப் போட்டிருந்த நாலங்குலக் குழாய் அவ்வளவு தாங்காது. சார் பேனாவை மூடிவைத்துவிட்டு அட்டவணையை மேலிருந்து கீழே பார்த்தார். சிப்பாயைக் குறைக்க முடியாது. ஆபீசரைத் தொட முடியாது. ஒட்டகம் செத்தால் அறிக்கை எழுத வேண்டும். ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

"அறுபத்து மூவரா? சிவன் பாத்துப்பான். இதைச் சுரண்டிடு."

ட்ரேசிங் துணியில் எழுதியதை அழிக்க பிளேடால் சுரண்ட வேண்டும். நான் பிளேடை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு, அதை எடுத்தால் ஆயிரத்து இருநூற்று அறுபது போகும் சார், எழுநூற்று ஐம்பதுதானே அதிகம், ஐந்நூற்றுப் பத்து மிஞ்சுமே என்றேன். ஆமாம் என்றார், மெஸ் முன்னால் ஆபீசர்களுக்குப் புல்தரை வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம், அது அதற்குச் சரியாகப் போகும்.

"ஐந்நூற்றுப் பத்தை அவங்களுக்கே கொடுத்தா தலைக்கு எட்டு லிட்டர் வரும் சார். எங்க அண்ணன் அங்கதான் இருக்கான்."

"தெரியும். நான்னா அனுப்பினேன்." கோபமே இல்லாமல்தான் சொன்னார். "அவா எங்கேயாவது எடுத்துப்பா. எடுக்கத் தெரிஞ்சவாளுக்கு என்னத்துக்கு வரி? தலைக்குத்தான் ஜலம், முக்கால். அது வாலாக்கும்."

டைப்பிஸ்ட் சிரித்தாள். நல்ல பெண்தான், சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் சொல்கிற விதம் அப்படி.

சுரண்டினேன். முதலில் அறுபத்து மூன்றை, பிறகு இருபதை, கடைசியில் அந்தச் சொல்லை, எழுத்து எழுத்தாக. கை நடுங்கவில்லை. சுரண்டிய துணியை நகத்தால் தேய்த்து, சாக்பீஸ் பொடி தூவி வழவழப்பாக்கினால்தான் அதன்மேல் மறுபடி மை நிற்கும். இல்லாவிட்டால் ஊறிப் படரும். தொழிலில் முதல் வாரம் படிக்கிற பாடம் அது. நான் தேய்க்கவில்லை. அப்படியே அதன்மேல் புல்தரை என்று இங்கிலீஷில் எழுதினேன். எழுத்துகள் ஊறித் தடித்து, ஈ செத்து ஒட்டியதுபோல் நின்றன. பட்டாளத்து அதிகாரி பார்த்ததும் ஏழாம் வரியில் ஏதோ இருந்து அழிந்திருக்கிறது என்று கேட்பார், என்ன இருந்தது என்று கேட்பார் என்று நினைத்தேன். அதற்குமேல் எதுவும் செய்ய எனக்குத் தைரியமில்லை. சார் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார், திரும்ப எழுத நேரமில்லை என்று சுருட்டிக் கட்டி அனுப்பிவிட்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒப்பம் ஆகி வந்தது.

மறு வருஷம் அண்ணனிடமிருந்து வந்த கடிதம் இது. மலையாள எழுத்திலிருந்து நான் மாற்றியது.

"பைப்பு வந்தாச்சு. பட்டாளத்துக்கு ஆறு பைப்பு டாப்பு, ஒட்டகத்துக்கு ஒரு தொட்டி. எங்களுக்கு எங்கேன்னு ஹவில்தாரிட்ட கேட்டேன், படத்தில இல்லைன்னு சொன்னான். லாரி வெள்ளமும் நிப்பாட்டியாச்சு. ஒட்டகம் குடிச்சுப் போனா நாங்க போவோம். ஆரும் கண்டா அடிதான், ஆனா காணமாட்டாங்க. அந்தப் படம் ஆபீசு சுவரில ஒட்டியிருக்கு. உன் எழுத்துன்னு கண்டதும் எனக்கு மனசிலாச்சு. எல்லார்ட்டயும் சொன்னேன், இது என் தங்கச்சி வரைஞ்சதுன்னு. கோடெல்லாம் அத்தனை நேரு. ஏழாமத்த வரியில மட்டும் மை படர்ந்து கிடக்கு, நீ சிரத்திச்சில்லையா? அடுத்த தடவை பார்த்து எழுது."

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது, எல்லோரிடமும் சொன்னேன் என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன். மற்றதைப் படிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் வந்து சேர்ந்தான். காலும் முகமும் வீங்கியிருந்தன, மூத்திரத்தில் ரத்தம் போயிற்று. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கல் என்றார்கள், பிறகு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள், பரம்பரையில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்கள். நான் வைத்தியம் படித்தவளில்லை, படம் வரைந்தவள். மழைக்காலம் முடிவதற்குள் அவன் போய்விட்டான்.

துக்கம் கேட்க சார் வந்தார். எங்கள் முனிசிபாலிட்டி லைன் வீடுகளுக்குள் வரவில்லை. வெளியே தெருக் குழாய்ப் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டுத் தண்ணீரை அவர் தொடமாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த நிலையிலும் பக்கத்துக் கடையிலிருந்து மூடி உடைக்காத சோடா ஒன்றை வரவழைத்து, ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். தாகமில்லை என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, அங்கே அண்ணன் தினம் எத்தனை லிட்டர் குடித்தான் என்று கடிதத்தில் ஏதாவது எழுதியிருந்தானா என்று கேட்டார். நோட்டில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறதாம்.

நான் இல்லை என்றேன். பதினேழாம் நாள் வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். ரோஷம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அரிசிப் பானையிடம் கேளுங்கள்.

அதன் பின் எனக்கு எர்ணாகுளத்தில் வேறு வேலை கிடைத்தது. எண்பதுகளின் நடுவில் ஒருநாள் படகுத்துறையில் பழைய டைப்பிஸ்டைப் பார்த்தேன். சார் படுக்கையில் இருக்கிறார், இருதயம் வீங்கிவிட்டது, உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டது, டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். போகும்போது வழியில் இரண்டு தடவை சாயா குடித்திருக்கலாம், குடிக்காமல் போனேன். அது நினைவிருக்கிறது.

சாரின் மருமகள் என்னை உள்ளேயே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்லை. கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு அட்டவணை. ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி, மணிவாரியாகக் கட்டம். சாரே படுத்தபடி கோடு போட்டுக் கொடுத்ததாம். கோடுகளெல்லாம் நெளிந்திருந்தன. கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் அதே பித்தளைக் கூஜா.

அவள் பால் வாங்கப் புறப்பட்டாள். "இதுல இருக்கறதுதான் ராத்திரி வரைக்கும். நாலு மணிக்குக் கேப்பார், பாதி குடுங்கோ. மீதி எட்டு மணிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சார் கண்ணைத் திறந்தார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. என்னைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் பிடித்தது.

"முக்காலா?"

"ஆமா சார்."

"கொஞ்சம் தண்ணி தா."

ஜலம் என்று சொல்லவில்லை. நான் கூஜாவை எடுத்தேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அதை இரண்டாம் முறை தொடுகிறேன். நல்ல கனம், உள்ளே அதிகம் இல்லை.

"எந்த வரியில போடட்டும் சார்?"

அவர் என்னையே பார்த்தார். மறந்திருப்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் மறந்திருந்தால் நான் கொடுத்திருப்பேன் என்று தோன்றுகிறது.

"வாலுல போட்டுக்கோ" என்றார்.

எங்களில் யாரும் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வோம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் கூஜாவின் விளிம்பில் வாயை வைத்தேன். அவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்தேன். நான் விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையும் ஏறி இறங்கியது. நாலு மணிக்கு உள்ளதைக் குடித்தேன், எட்டு மணிக்கு உள்ளதையும் குடித்தேன். கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மூடியைப் போட்டு, முக்காலியில் இருந்த இடத்திலேயே வைத்தேன். நல்ல தண்ணீர். காய்ச்சி ஆற்றி, ஒரு துளசி போட்டிருந்தார்கள்.

மருமகள் பாலோடு திரும்பி வந்தாள். கூஜாவைத் தூக்கிப் பார்த்தாள், முகம் கொஞ்சம் சுருங்கியது.

"எல்லாம் குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு" என்றேன்.

சார் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாமனாரைக் குழந்தையைக் கோபிப்பதுபோல் கோபித்துக்கொண்டு, இனி நாளைக் காலைவரை கேட்கக்கூடாது என்றாள். பிறகு பென்சிலை எடுத்து, நாலு மணிக் கட்டத்திலும் எட்டு மணிக் கட்டத்திலும் ஒவ்வொரு கோடு போட்டாள்.